புதுவீட்டின் சாவிக்கும் பால் காய்ச்சும் நாளுக்கும் இடையில்

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் வாங்கிய இரட்டை மாடி வரிசை வீட்டின் சாவியைப் பெற்றுக்கொள்ளும்படி, அதைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரின் கடிதம் கோலாலம்பூர் முகவரிக்கு வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சாவிய வாங்கிக்கோம்மா, அது வெறும் இரும்பு. அடுப்ப மட்டும் ஆவணிக்கு முன்னாடி பத்த வைக்காத" என்றார். அன்று சலிப்பாக இருந்த அந்தக் கட்டளைதான் எங்களுக்கு ஒரு மாத அவகாசத்தைக் கொடுத்தது. அந்த மாதத்தில் வீட்டை ஓரங்குலம் விடாமல் பார்த்தோம், குறைகளை எழுதிக் கொடுத்தோம், பெரும்பாலானவற்றைச் சரிசெய்தும் வாங்கினோம். சாவி கிடைத்த வாரத்திலேயே ஐயரையும், வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளரையும் ஒருசேர அழைத்துவிட்ட உறவினர்கள் சிலர், இன்றும் ஒழுகும் குளியலறைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சாவிக்கும் பாலுக்கும் இடையில் குறைந்தது ஒரு மாதமாவது விடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. அந்த மாதத்தை எப்படிச் செலவிடுவது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

சாவி வாங்கும் முன்

மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கிய வீடாக இருந்தால், உங்கள் ஒப்பந்தம் 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் அட்டவணைப்படி எழுதப்பட்டிருக்கும். தரை வீட்டுக்கு 'ஜி' அட்டவணை, அடுக்குமாடிக்கு 'எச்' அட்டவணை. தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது அவற்றின் பொது விதி. தாமதமானால், வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நாள்தோறும் இழப்பீடு ஏறும். 400,000 ரிங்கிட் வீட்டுக்கு அது ஒரு நாளுக்கு ஏறத்தாழ 109 ரிங்கிட் 59 சென் ஆகும். இரண்டு மாதத் தாமதத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டைத் தாண்டும். காலக்கெடுவை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து எண்ணுவதா, முன்பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுவதா என்ற வழக்கில், முன்பணம் கட்டிய நாளே கணக்கு என்று 2021 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அந்தப் பழைய ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியோடு தருகிற தாள்களில் முதலில் பார்க்க வேண்டியது, எல்லாரும் சி.சி.சி. என்று சொல்லும் கட்டட நிறைவு, இணக்கச் சான்றிதழ். 2007 ஏப்ரல் முதல் இதை உள்ளூராட்சி மன்றம் வழங்குவதில்லை. திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்டு வழங்குகிறார். இந்தச் சான்றிதழ் இல்லாத வீட்டில் குடியேறக் கூடாது. அடுத்தபடியாக, சாவி கொடுக்கும் மேசையில் 'வீடு திருப்திகரமான நிலையில் இருந்தது' என்று அச்சிட்ட தாள் ஒன்று கிடக்கும். அதில் கையெழுத்துப் போடாமல் சாவி தர மாட்டோம் என்றால், கையெழுத்துக்கு மேலே 'வீடு இன்னும் பரிசோதிக்கப்படவில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதியதும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைப் பார்த்தும் பாராததுபோல் நாளைக் கடத்தலாம் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தம் குறிப்பிடும் நாள்கள் கடந்துவிட்டால், நீங்கள் வாசற்படியை மிதிக்காவிட்டாலும் வீட்டை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டிய 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் அப்போதே ஓடத் தொடங்கிவிடும்.

பயணத்தை எப்படி அமைப்பது

வேலை கோலாலம்பூரிலும் வீடு பினாங்கிலும் இருப்பவர்களுக்குப் பணத்தைவிட விடுப்புதான் பெரிய செலவு. நாங்கள் வெள்ளியும் திங்களும் விடுப்பு எடுத்து, நடுவில் உள்ள சனி, ஞாயிறைப் பரிசோதனைக்கு வைத்தோம். வெள்ளிக்கிழமை சாவி, திங்கட்கிழமை குறைகளை எழுதிய கடிதம் என்பது கணக்கு. கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கலாம். வண்டி ஓட்டிய களைப்பு இல்லாமல் போய்ச் சேர்வது பரிசோதனைக்கு மிகவும் முக்கியம், ஏனெனில் களைத்த கண்ணுக்கு எல்லாச் சுவரும் நேராகவே தெரியும். பள்ளி விடுமுறைக்கும் பெருநாள்களுக்கும் முன்பு இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் கடிதம் வந்த அன்றே பயணச்சீட்டை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அரசாங்க முகப்புகள் பகல் 12.15 முதல் 2.45 வரை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நான் அதை மறந்து இரண்டரை மணி நேரம் ஒரு தே தாரிக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு 20 சென் நாணயம், ஒரு கோலிக்குண்டு, நல்ல கைவிளக்கு, ஒட்டினால் சுவரைக் கெடுக்காத காகித நாடா, தடித்த பேனா, வாளி, பழந்துணி, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கைப்பேசி மின்னூட்டி ஆகியவை போதும். மின்மானி இன்னும் பொருத்தப்படாத வீடாக இருந்தால் மின்சாரப் பரிசோதனையை அடுத்த பயணத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் செயலியிலோ முகப்பிலோ முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். தண்ணீர்க் கணக்குக்குப் பினாங்கில் பி.பி.ஏ. எனப்படும் நீர் விநியோகக் கழகத்தை அணுக வேண்டும். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஆயர் சிலாங்கூர்.

வீட்டைத் தட்டிப் பார்ப்பது

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமனாரும் நாங்களும் வீட்டுக்குள் நுழைந்தோம். என் கணவர் சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மாமனார் ஹாலின் மூலையில் குந்தி உட்கார்ந்து, 20 சென் நாணயத்தின் விளிம்பால் டைல்களைத் தட்டத் தொடங்கினார். டொக், டொக், டொக் என்று கெட்டியாக வந்துகொண்டிருந்த ஒலி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் டப் என்று மாறியது. நாணயத்தை அதே டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்து மீண்டும் தட்டி, "இங்க சிமெண்டே இல்ல" என்றார். அப்படிப்பட்ட டைலின் அடியில் கலவை முழுவதும் பரவியிருக்காது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் கனமான அலமாரியை வைத்தால் விரிசல் விடும், அல்லது சூட்டில் விரிந்து ஒருநாள் படாரென்று மேலே எழும்பும். எல்லா அறைகளையும் தட்டி முடிக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஹாலில் மட்டும் பதினொரு டைல்கள் பொள்ளலாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் காகித நாடா ஒட்டி எண் எழுதி, எண்ணும் அறையும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொண்டோம். வெறும் டைலை மட்டும் அருகில் படம் எடுத்தால், ஒரு மாதம் கழித்து அது எந்த அறை என்று உங்களுக்கே தெரியாது.

மாடிக் குளியலறையின் பரிசோதனைக்கு ஓர் இரவு தேவைப்படும் என்பதால் அதைச் சனிக்கிழமையே தொடங்க வேண்டும். முதலில் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது தானாக வடிகால் துளையை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். பிறகு துளையை ஈரத்துணியால் அடைத்து, தரை முழுவதும் ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போய், கீழே உள்ள அறையின் கூரையில் ஈரக்கறை தெரிகிறதா என்று கைவிளக்கை அடித்துப் பாருங்கள். எங்களுக்குத் தட்டு அளவில் ஒரு கறை தெரிந்தது. குடியேறிய பிறகு கண்டுபிடித்திருந்தால் குளியலறைத் தரையை உடைத்து நீர்த்தடுப்புப் பூச்சைப் புதிதாகப் பூசும் வேலை நாங்கள் குடியிருக்கும்போதே நடந்திருக்கும். அந்தத் தூசியில் குழந்தையை வைத்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட முடியுமா?

கழிப்பறைகளில் ஒரே நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, வெளியே கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கட்டுமான வேலையாள்கள் மிச்சக் கலவையைக் குழாயில் கழுவி ஊற்றிவிடுவது வழக்கம். அது உள்ளேயே இறுகிவிட்டால் தண்ணீர் தயங்கித் தயங்கி வரும். குழாய்களின் நுனி வலையைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், மணலும் பிளாஸ்டிக் துகளும் வெளியேறும். உட்கூரைக்கு மேலே ஏறும் வழி இருந்தால் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். அங்கே விளக்கை அணைத்து இருட்டில் நின்றால் ஓடுகளுக்கு இடையே வெளிச்சப் பொட்டு தெரியும் இடங்கள் மழை உள்ளே வரக்கூடிய இடங்கள்.

கதவுகளை எல்லாரும் திறந்து மூடிப் பார்ப்பார்கள். நீங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவின் அடியில் நீட்டி, அடி விளிம்புக்குச் சாயம் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சாயம் பூசாத விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஓர் ஆண்டுக்குள் கதவு நிலையில் உரசத் தொடங்கும். எங்கள் வீட்டில் ஏழு கதவுகளில் ஐந்துக்கு அடியில் சாயம் இல்லை. சுவர்களைப் பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்ப்பதைவிட, மாலையில் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடித்தால் மேடு பள்ளங்கள் நிழலாக எழும்பும். மயிரிழை போன்ற மேற்பூச்சு விரிசல்கள் சிமெண்டு காயும்போது வருவன, அவற்றைப் பட்டியலில் சேர்த்தால் போதும். கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு அகன்ற விரிசலாக இருந்தால், பொறியாளரை அழைத்து வந்து விளக்கம் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

கோலிக்குண்டு பால்கனிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும். மழைநீர் வீட்டை நோக்கி ஓடுகிறதா, வெளியே ஓடுகிறதா என்பதை அது உடனே சொல்லிவிடும். மின்சாரம் வந்துவிட்ட வீட்டில் ஒவ்வொரு பொருத்துவாயிலும் கைப்பேசி மின்னூட்டியைச் செருகிப் பாருங்கள். மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அதன் விசை உடனே விழ வேண்டும்.

வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டு நடைபாதையைத் தனியாகக் கவனியுங்கள். செபராங் பிறை செலாத்தான் வட்டாரத்தின் கடலோரப் பகுதிகள் மென்மையான களிமண் நிலம். வீடு நிலத்தடித் தூண்களின் மேல் நிற்பதால் அசையாது. நடைபாதையோ கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் கிடப்பதால் மெல்லக் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் மழைநீரும் கரையானும் அந்த வழியாகவே போகும். சாவி வாங்கிய நாளில் இடைவெளி தெரியாவிட்டாலும், படம் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதமும் அதன் பிறகும்

பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எண், அறை, இடம், குறை, படத்தின் எண் என்று வரிசையாக எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து மூலமான அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. செய்யாவிட்டால், வெளியாரிடம் விலைப்புள்ளி வாங்கி, அந்தத் தொகையை அவர்களுக்கு அறிவித்து, இன்னும் 14 நாள் அவகாசம் தந்த பிறகு, நீங்களே சரிசெய்து செலவைக் கோரலாம். வீட்டு விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிணையாக நிற்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதில் பாதி, வீட்டை ஒப்படைத்து 8 மாதம் கழித்தும் மீதி 24 மாதம் கழித்தும் மேம்பாட்டாளருக்குப் போகும். ஆகவே செலவைக் கோரும் கடிதத்தின் பிரதியை அந்த வழக்கறிஞருக்கும் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால், வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். பொறுப்புக் காலம் முடிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

இந்த நிலையில் குத்தகையாளரை வீட்டுக்குள் விடாதீர்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஆளில்லாத வீடுகளில் ஏர்கோன் செம்புக் குழாய் திருடு போகிறது என்று அக்கம்பக்கத்தில் பேசியதைக் கேட்டுப் பயந்து, பட்டியல் கொடுத்த மறுவாரமே பின்பக்கச் சன்னலுக்கு மட்டும் கிரில் போடச் சொன்னேன். கிரில்காரர் சன்னல் சட்டத்தை ஒட்டித் துளை போட்டார். அடுத்த கனமழையில் அந்தச் சன்னலின் கீழ்மூலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. பார்க்க வந்த மேற்பார்வையாளர் துளையைத் தொட்டுக் காட்டி, "இது உங்க ஆள் வேலை" என்று சொல்லிவிட்டார். சன்னல் முன்பே ஒழுகியதா, துளையால் ஒழுகியதா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. முந்நூறு ரிங்கிட் கொடுத்து நாங்களே அடைத்தோம். நீங்கள் முதல் கனமழையை வெறும் வீட்டில் நின்று பாருங்கள்; அதன்பின் கிரில் போடுங்கள்.

சமையலறையைப் பின்பக்கம் இழுத்துக் கட்டுவதற்குச் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பெர்மிட் வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க" என்று சொல்லும் குத்தகையாளரிடம், பெர்மிட்டை யார் எடுப்பது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தாளில் எழுதி வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே நல்லது. அடுக்குமாடியாக இருந்தால் நிர்வாக அலுவலகத்தில் வைப்புத்தொகை கட்டி, அவர்கள் அனுமதிக்கும் நேரத்தில் மட்டுமே உடைக்க முடியும். பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காடு சேமிப்பு நிதிக்காகச் சேரும் என்பதையும் மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமானக் காலத்தில் வட்டி மட்டும் கட்டிப் பழகியவர்களுக்கு, முழுத் தவணை தொடங்கும் மாதம் அதிர்ச்சியாகவே இருக்கும், அதிலும் கோலாலம்பூர் வாடகையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தால். குடியேறும் மாதத்தை முடிவு செய்வதற்கு முன் இரண்டையும் சேர்த்துக் கட்டக்கூடிய மாதங்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பால் காய்ச்சுவதும் குடிபோவதும்

ஆவணியில் நாள் பார்த்தோம். ஐயர் கணபதி ஹோமத்துக்கு ஹாலின் நடுவைக் காட்டினார். சரிசெய்து ஒரு வாரம்கூட ஆகாத டைல்களின் மேல் நெருப்பை எப்படி வைப்பது? ஹோம குண்டத்தின் கீழே இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அதன்மேல் தகரத்தில் மணல் பரப்பச் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. மணல் குறைந்தது மூன்று விரல் கனத்துக்கு இருக்கட்டும். எல்லாச் சன்னல்களையும் திறந்து வையுங்கள், புதுச் சாயத்தில் புகை எளிதாக ஒட்டிக்கொள்ளும். அடுக்குமாடியில் புகை உணர்விகள் இருக்கும் என்பதால் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாலையை மறித்துக் கூடாரம் போடுவதென்றால் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். எங்கள் வரிசையில் மலாய்க்காரர்களும் சீனர்களும் இருப்பதால், முந்தின நாளே வீடு வீடாகப் போய் விடியற்காலையில் மணியோசை கேட்கும் என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த வீட்டு மக்சிக் அன்று எங்கள் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிப் போனார்.

குடிபோவது வேறு கதை. பால் காய்ச்சிய வீட்டில் அன்று இரவு யாராவது படுத்தால் போதும் என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டதால், சாமான்களைப் பள்ளி ஆண்டு முடிந்த பிறகே லோரியில் ஏற்றினோம். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் தம்புன் சுங்கச்சாவடி வரை ஏறக்குறைய 340 கிலோமீட்டர். பெருநாளுக்கு முந்தைய வாரத்தைத் தவிருங்கள். லோரிக்காரர் சாமான்களின் எண்ணிக்கையைக் கேட்டுத்தான் விலை சொல்வார், ஆகவே ஒவ்வோர் அறையையும் காணொளி எடுத்து அனுப்பிவிட்டு விலை கேட்பது இருவருக்கும் நல்லது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும் புதிய குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளி எத்தனை தூரம், பள்ளிப் பேருந்து உங்கள் தாமானுக்குள் வருமா என்பதைச் சாவி வாங்கும் பயணத்திலேயே விசாரித்துவிடுங்கள். குடியேறிய 30 நாளுக்குள் பதிவிலாகாவில் அடையாள அட்டையின் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் முடியும் தவணைகளாக வரும். முதல் ரசீது பழைய முகவரிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியேறிய பிறகு குறைப் பட்டியலை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சுவர் சுருங்குவதும் மண் இறங்குவதும் முதல் இரண்டு மழைக்காலங்களில்தான் தெரியும். நாங்கள் 22-ஆம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே 20 சென் நாணயத்தோடும் பழைய படங்களோடும் வீட்டை இன்னொரு சுற்றுச் சுற்றினோம். பின்வாசல் படிக்கும் நடைபாதைக்கும் நடுவே, முதல் படத்தில் இல்லாத ஓர் இடைவெளி இப்போது இருந்தது; என் சுண்டுவிரல் முதல் கணு வரை உள்ளே போயிற்று. அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து, 41-ஆம் எண்ணாகச் சேர்த்து, மறுநாள் காலையிலேயே கொண்டுபோய் முத்திரை வாங்கினோம்.